பூண்டு வைத்த கள்ள மாதிரி

பூண்டு வைத்த பையை நன்றாக மென்று விழுங்கி, உதட்டைத் துடைத்துக்கொண்டு, "வெண்ணிலா. பரவால்ல, பத்துக்கு ஏழு போடுங்க" என்று தம்பி சொன்னபோது அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

பை என்றால் தோளில் மாட்டுகிற பை இல்லை. மாவுக் கூட்டுக்குள் பழக்கூழையோ க்ரீமையோ அடைத்து, தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் சுட்டுத் தள்ளி, பளபளக்கும் உறையில் போட்டு, பெட்டிக்கடை வாசலில் சரம்சரமாகத் தொங்கவிடுகிறார்களே, அந்தப் பை. உறையில் அச்சடித்த ஆப்பிளைத் தவிர ஆப்பிளுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளே இரண்டாவது கடிக்கு யோசிப்பார்கள். அதைப் போய் தம்பி கொஞ்ச காலமாக, உலகத்தில் வேறு தின்பண்டமே இல்லாதது போல வாங்கித் தின்றுகொண்டிருந்தான். அன்றைக்கு, கடையில் கிடைத்த அத்தனை வகையையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு அக்கா வீட்டு மாடிப்படி ஏறி வந்து, "இன்னிக்கு நாம விஞ்ஞானப்பூர்வமா ஒரு ஆராய்ச்சி பண்ணப்போறோம்" என்று அறிவித்தான்.

தம்பி கேஸ் ஏஜென்சியில் மெக்கானிக். வீடு வீடாகப் போய் அடுப்பு, ரெகுலேட்டர், டியூப் எல்லாவற்றையும் பார்த்து, கசிவு இருந்தால் சரிசெய்வது வேலை. ஏஜென்சியில் அவனுக்கு மூக்கன் என்று பெயர். மற்ற மெக்கானிக்குகள் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கிளம்புகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருக்கையில், இவன் வாசற்படியில் நின்றபடியே "ரெகுலேட்டர்ல கசியுது, மாத்திருங்க" என்பான். மாற்றினால் சரியாகிவிடும். "சோப்பெல்லாம் மூக்கில்லாதவனுக்கு" என்று சொல்லிச் சிரிப்பான். அந்த மூக்குக்காகவே அடுத்த மாதம் அவனைத் தலைமை மெக்கானிக் ஆக்கப்போகிறார்கள். அந்த வேலையை நம்பித்தான் அவன் கல்யாணத்துக்கு நாளே குறித்திருந்தார்கள்.

அக்காவுக்கோ பெயின்ட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்கு வரிசையாக வைக்கிற மாதிரிகளுக்கு நடுவே, யாருக்கும் சொல்லாமல், வேண்டுமென்றே கெடுத்த ஒன்றைச் செருகி வைப்பார்கள். அது கண்ணில் பட்டால் சோதிக்கிறவரின் கண் நன்றாக இருக்கிறது. படாவிட்டால் அவரை மருத்துவரிடம் அனுப்புவார்கள். அதற்குக் கள்ள மாதிரி என்று பெயர். அக்காவுக்கு அந்தப் புத்தி வீடு வரைக்கும் வந்துவிட்டது. கட்டிய புருஷனுக்கே தேநீரில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கொடுத்து, பேப்பர் படித்துக்கொண்டே குடிக்கிறாரா, பார்த்துக் குடிக்கிறாரா என்று சோதித்தவள் அவள். அவர் பேப்பர் மேலேயே துப்பினார்.

ஆராய்ச்சி அமர்க்களமாகத்தான் தொடங்கியது. வெளியே மழை பிடித்துக்கொண்டதால் சன்னல்களை எல்லாம் சாத்திவிட்டு, கூடத்து மேசையில் வெள்ளைத் துணி விரித்தார்கள். சமையலறைத் தராசு வந்தது, அடிக்கோல் வந்தது. அக்கா புருஷன் கணக்கு வாத்தியார், அதனால் சராசரி எடுக்கும் பொறுப்பு அவருக்கு. தம்பி தலைமை விஞ்ஞானி. முதல் கடியில் எழும் ஓசை, சட்டையில் உதிர்ந்த தூளின் எடை, அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நாக்குக்கு வேலை வைக்கும் நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். கடைசியாக மேசை உயரத்திலிருந்து கீழே போட்டுப் பார்க்கும் மோதல் சோதனை.

"ஆப்பிள், முதல் கம்பெனி. விழுந்தது, உடையல. தரைக்கு மட்டும் லேசா காயம்" என்று தம்பி முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்லச் சொல்ல, வாத்தியார் எழுதினார். "செர்ரி. உள்ள செர்ரி இருக்குன்னு உறை சொல்லுது. ஆய்வுக் குழு தேடுச்சு, ஆதாரம் கிடைக்கல."

"ருசிக்கு மார்க்கே இல்லியே, மாப்ள?"

"ருசி ஆளுக்கு ஆள் மாறும் மாமா. விஞ்ஞானத்துல அதுக்கு இடமில்ல."

வாத்தியார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்காவும் சிரித்தாள். ஆனாலும் அவர் விடுவதாக இல்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு எது எந்தப் பை என்று சொல்ல வேண்டும், அதுதான் கடைசிச் சோதனை என்றார். தம்பி ஏதேதோ சாக்குச் சொல்லிப் பார்த்தான். கடைசியில் துண்டை வாங்கிக் கண்ணைக் கட்டிக்கொண்டான்.

அக்காவுக்குக் கை சும்மா இருக்குமா? சமையலறைக்குப் போய், ஒரு வெண்ணிலாப் பையின் அடியைக் கீறி, க்ரீமை வழித்தெடுத்து, காலையில் வேகவைத்திருந்த பூண்டை அதோடு மசித்துக் குழைத்து, மறுபடி உள்ளே அடைத்து, தட்டில் நடுவே வைத்தாள். அறை முழுக்கப் பூண்டு வாடை வீசியது. வாத்தியார் மூக்கைச் சுளித்துவிட்டு, இரவுச் சமையல் தொடங்கிவிட்டது போலும் என்று எண்ணிக்கொண்டார். தம்பி இதைக் கையில் எடுத்தவுடனே முகத்தைக் கோணப்போகிறான் என்று, வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தாள் அக்கா.

அவன் எடுத்தான், கடித்தான். வெண்ணிலா என்றான்.

அதை நம்பி அதே பையின் மிச்சத்தை வாயில் போட்ட வாத்தியார், மறு நொடி தொட்டியை நோக்கி ஓடினார். கொப்பளித்துவிட்டு வந்து, "அடப்பாவி, என்னா நடிப்புடா. பூண்டத் தின்னுட்டு ஒண்ணுமே தெரியாத மாதிரி மூஞ்ச வச்சிருக்கியே" என்று அவன் முதுகில் தட்டினார்.

"பின்ன? உங்கள மாட்டிவிட வேணாமா" என்று தம்பியும் சிரித்தான். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

வாத்தியார் நம்பினார். அக்கா நம்பவில்லை. கள்ள மாதிரியைக் கோட்டைவிட்டவர்கள் எத்தனையோ பேரை அவள் பார்த்திருக்கிறாள். மாட்டிக்கொண்டதும் எல்லோரும் முதலில் இப்படித்தான் சிரிப்பார்கள். "துண்ட அவுக்காத" என்று சொல்லிவிட்டு, காப்பித்தூள் டப்பாவைத் திறந்து அவன் மூக்கடியில் நீட்டினாள்.

"இது என்ன வாசம்?"

தம்பி மூச்சை இழுத்தான். இன்னொரு தடவை ஆழமாக இழுத்தான். நெற்றியில் வியர்த்தது.

"பூண்டு" என்றான்.

வாத்தியாரின் முகத்தில் ஈயாடவில்லை. அக்கா டப்பாவை மூடினாள். ஓசைக்கு மார்க், தூளுக்கு மார்க், ஒட்டுவதற்கு மார்க், ருசிக்கு மட்டும் இடமில்லை. இவ்வளவு நேரமும் விழுந்து விழுந்து சிரித்தோமே, எதைப் பார்த்துச் சிரித்தோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"எப்ப இருந்துடா?"

தம்பி துண்டை அவிழ்க்காமலே பேசினான். "மழை ஆரம்பிச்சப்ப ஜலதோஷம் வந்துச்சுல்ல, அப்ப இருந்து. ஜலதோஷம் போயிருச்சு, மூக்கு திரும்பி வரல. எதத் தின்னாலும் சக்கையா இருக்கு. இந்தப் பை மட்டும்தான் கடிச்சா சத்தமாவது கேக்குது."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா எழுதிக் குடுப்பாரு. எழுதிக் குடுத்தா ஏஜென்சிக்குத் தெரிஞ்சிரும். மூக்கன்னு பேரு வச்சிருக்காங்கக்கா. மூக்கே இல்லன்னு எப்படிப் போய் நிக்கிறது? கல்யாணம் வேற."

"அப்ப போற வீட்டுல எல்லாம் எப்படிப் பாக்குற? சோப்புத் தண்ணியா?"

"சோப்ப எடுத்தா, கூட வர்றவன் கேப்பான், மூக்கனுக்கு எதுக்கு சோப்புன்னு." அவன் குரல் இறங்கிவிட்டது. "டியூப்பத் தடவிப் பாக்குறேன். ரெகுலேட்டரத் திருகிப் பாக்குறேன். வீட்டுக்காரங்க மூஞ்சியப் பாக்குறேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறான் பாவி. அக்காவுக்கு ஓங்கி அறையலாம் போல ஆத்திரம் வந்தது, அவனைக் கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. அந்த நேரத்தில்தான் வேறொன்று நினைவுக்கு வந்து, இரண்டும் அடங்கிப்போயின.

"காலைல இங்க வர்றப்ப கீழ் வீட்டுக்குப் போனியே. தையல்காரம்மா ஏதோ நாத்தம் வருதுன்னு சொல்லித்தானே உன்னக் கூப்ட்டாங்க. நீ என்ன சொன்ன?"

தம்பி துண்டைப் பிடுங்கி எறிந்தான். பேயறைந்தவன் போல இருந்தது முகம்.

"எலி செத்திருக்கும்னு சொன்னேன்."

அடுத்த கணம் அவன் படியில் இருந்தான். அக்கா பின்னாலேயே ஓடினாள். பாதிப் படியில் குப்பென்று ஒரு வாடை. அழுகலும் பூண்டும் கலந்த மாதிரி. நம் கைதான் என்று விரல்களை முகர்ந்து பார்த்தாள். விரல்களிலும் பூண்டுதான். சே, வீண் பயம் என்று ஒரு நொடி கால் நின்றது. இன்னும் இரண்டு படி இறங்கியதும் வாடை மூக்கை அடைத்தது. கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தாள். வாடை போகவில்லை.

கீழே, தையல்காரம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தம்பியின் விரல் அழைப்பு மணியின் பொத்தானுக்குப் போய்விட்டது. அக்கா பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள்.

தம்பி திரும்பிப் பார்த்தான். கசிவு உள்ள வீட்டில் மின்சார மணியைத் தொடக் கூடாது என்று புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறவன் அவன்.

"வாசம் வருதாக்கா?" என்று கேட்டான்.

அவள் ஆம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

அதற்குப் பிறகு அவன் வேறு ஆளாகிவிட்டான். கதவை உள்ளங்கையால் தட்டி, "யம்மா, கதவத் தொறங்க. எந்த சுவிட்சையும் தொடாதீங்க. எரியுற லைட்டு எரியட்டும், அணைக்கவும் வேணாம்" என்றான். மேலிருந்து எட்டிப் பார்த்த வாத்தியாரிடம், "மாமா, அப்படியே நில்லுங்க, அடுப்பு கிடுப்பு பத்த வைக்காதீங்க" என்றான். கதவு திறந்தது. கழுத்தில் இஞ்ச் டேப் தொங்க, தைத்து முடித்த சட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள் தையல்காரம்மா. கையில் இஸ்திரிப் பெட்டியின் வயர் இருந்தது. பிளக்கைச் சொருகப் போனவளைத்தான் இவன் தட்டிய தட்டு வாசலுக்கு இழுத்திருந்தது.

தையல்காரம்மாவை அக்காவோடு மழையில் நிறுத்திவிட்டுத் தம்பி உள்ளே போனான். சிலிண்டரை மூடினான். சன்னல்களைத் திறந்தான். கேஸ் தரையில்தான் படுத்துக் கிடக்கும் என்பதால், ஒரு பாயை எடுத்துத் தரையோடு தரையாக வீசி வாசல் பக்கம் தள்ளினான். வெகுநேரம் தள்ளினான். அக்கா வாசலில் நின்று முகர்ந்து, "இன்னும் இருக்கு", "குறையுது", "இப்ப இல்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இல்லை என்று அவள் சொன்ன பிறகும், இன்னொரு தடவை முகரச் சொன்னான்.

"அக்கா, கொஞ்சம் சோப்புத் தண்ணி கொண்டா."

மேலே ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். டியூப் முழுக்கத் தடவிவிட்டு, சிலிண்டரை ஒரு இம்மி திறந்தான். ரெகுலேட்டர் கழுத்தடியில் நுரை பொங்கியது. டியூப்பில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்பு. காலையில் அவன் தடவிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொன்ன டியூப் அது. நுரை உடைந்து, மறுபடி பொங்கி, மறுபடி உடைந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், சட்டென்று சிலிண்டரை மூடினான்.

தையல்காரம்மா நனைந்த தலையோடு உள்ளே வந்தாள். நடந்தது அவளுக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை.

"அப்ப எலி சாகலையா தம்பி? நீங்க சொன்னீங்களேன்னு நான் காலைல இருந்து பீரோவத் தள்ளித் தள்ளித் தேடிட்டு இருக்கேன்."

"எலியே இல்லம்மா. எனக்கு வாசனையே தெரியாது. தெரிஞ்ச மாதிரி உங்ககிட்டப் பொய் சொன்னேன்."

அவள் கையிலிருந்த வயரையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வயரை மெதுவாகத் தரையில் வைத்தாள்.

தம்பி வாசலுக்கு வந்து ஏஜென்சிக்குப் போன் போட்டான். மறுமுனையில் மேலாளர் பேசுவது அக்காவுக்கும் கேட்டது.

"சொல்லுப்பா மூக்கா, லீவு நாள்ல என்ன?"

"ஆளுங்களக் கூப்பிடணும் சார். மழை ஆரம்பிச்சதுல இருந்து நான் பாத்த வீடுகள எல்லாம் சோப்புப் போட்டுத் திரும்பப் பாக்கணும். இன்னிக்கே."

"ஏன்? எந்த வீட்டுல கசியுது?"

தம்பி மூச்சை இழுத்துப் பார்த்தான், வழக்கம் போல.

"தெரியல சார்" என்றான். "எனக்குத் தெரியல. எல்லா வீட்டுக்கும் அனுப்புங்க."