முன்னால் இழுத்த சீட்

அந்தப் பேருந்தைப் பகலில் ஓட்டுபவன் நெட்டை, இரவில் ஓட்டுபவன் குட்டை. அதனால் பணிமனையில் தினமும் காலையில் ஒரே பாட்டுதான். குட்டை முன்னால் இழுத்துப் போட்ட சீட்டைப் பின்னால் தள்ள, நெட்டை குனிந்து லீவரோடு மல்லுக்கட்டுவான். அதிலேயே இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

"இறங்கும்போது சீட்டைத் தள்ளி வச்சா உன் கிரீடம் விழுந்துடுமாடா?"

"நீ என்னைக்காவது எனக்காக முன்னால இழுத்து வச்சிருக்கியா? ஒட்டகத்துக்கு இடுப்பு வலின்னா நான் என்ன பண்ண?"

இப்படிக் கிண்டலடித்தவன்தான் ஒருநாள் துண்டைச் சுருட்டி சீட்டின் முதுகில் கட்டிவிட்டான். "இதுல இடுப்பைச் சாச்சுக்கோ. கடைசி ஸ்டாப்புல இறங்கி நாலு எட்டு நட. உட்கார்ந்தே கிடந்தா முதுகு மக்கர் பண்ணாம என்ன செய்யும்?"

போன வாரம் குட்டை தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தான். மாற்று ஆள் வரும்வரை இரவு ட்ரிப் இல்லை என்றார்கள்.

சாவு வீட்டுக்குப் போய்வந்த மறுநாள் காலை, நெட்டை வண்டியில் ஏறி, பழக்கதோஷத்தில் குனிந்து லீவரைப் பிடித்தான். சீட் அவன் விட்ட இடத்திலேயே இருந்தது. முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. துண்டும் இடுப்புக்குக் கச்சிதமாக இருந்தது. அன்று முழுக்க வலியே இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

மாலையில் வண்டியை நிறுத்தி இறங்கப் போனவன், திரும்பிக் குனிந்து, சீட்டை முழுக்க முன்னால் இழுத்து வைத்தான்.

"காலைல வந்து உன்னைத் திட்டணும்டா," என்றான்.