சீமாட்டியின் மேஜை

"வளர்ந்தவங்க நாலு பேர் உட்கார்ந்து தேவதைக் கதை விளையாடப் போறீங்களா?"

"தேவதைன்னா நீங்க நினைக்கிற மாதிரி இல்லங்க. இவங்க பொல்லாதவங்க."

"பொல்லாத தேவதையா? அது என்ன, சர்க்கரை போடாத மிட்டாய் மாதிரி?"

"சிரிக்காதீங்க. நீங்களும் ஒரு ஆளா உட்காருங்களேன். சனிக்கிழமை மத்தியானம் சும்மாதானே இருக்கீங்க?"

"எனக்கு வேணாம்மா. டீ போட்டுத் தரேன், அதோட என்னை விட்டுடு."

"சரி. ஒரு தடவை கேட்டாச்சு, இனிமே நான் கேட்க மாட்டேன். அப்புறம் கூப்பிடலைன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கக் கூடாது."

"நான் எதுக்கு வெச்சுக்கப் போறேன்?"

ஆறு வருஷத்துக்கு முன் எனக்கும் என் மனைவிக்கும் நடந்த பேச்சு இது. ஒரு சொல் மாறாமல் நினைவிருக்கிறது. அவள் சொன்னபடியே அதன் பிறகு ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானும் சொன்னபடியே சனிக்கிழமைதோறும் டீ போட்டுக்கொண்டிருக்கிறேன்.

விளையாட்டு இதுதான். சாப்பாட்டு மேஜையைச் சுற்றி மூன்று பேர் உட்காருவார்கள். ஒவ்வொருவரும் கதையில் ஓர் ஆள். என் மனைவி மேஜையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்து கதையை நடத்துவாள். காடு, மழை, கதவு, கதவுக்குப் பின்னால் நிற்கிறவர், எல்லாம் அவள்தான். "நான் கதவைத் திறக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால் இருபது முகம் உள்ள பகடையை உருட்டுவார். விழுகிற எண்ணைப் பொறுத்து அந்தக் கதவு திறக்கும், அல்லது அவர் கையைக் கடிக்கும்.

எங்கள் வீட்டு மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. அறைக்குள் சொன்ன சொல் கதைக்குள் சொன்ன சொல். விளையாட்டுக்குச் சொன்னேன், வாய் தவறிச் சொன்னேன் என்பதெல்லாம் செல்லாது. முதல் மாதத்திலேயே என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, "இந்தப் பாலத்தைத் தாண்ட விட்டா என் மீசையைக்கூட எடுத்துக்கச் சொல்லு" என்று வாயை விட்டான். பாலத்தடியில் இருந்த ஒரு நீலக் கிழவி "மெத்த சந்தோஷம்" என்றாள். கதையில் அவன் பாடகன். நான்கு மாதம் மீசை இல்லாமல் அலைந்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுக்கிறவன்; நிஜத்திலும் கண்ணாடி முன் நின்று தடவிப் பார்த்துக்கொண்டதாக அவன் மனைவி சொன்னாள்.

மற்ற இருவரில் ஒருவர் பல் டாக்டர். நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிற அந்த அம்மாள் இந்த மேஜையில் கொள்ளைக்காரி. இன்னொருவர் அடுத்த தெருவில் இருக்கிற சர்வேயர் ஐயா, ஓய்வு பெற்றவர். கதையில் கொல்லர். எதையும் நோட்டில் எழுதாமல் நம்ப மாட்டார்.

என் மனைவிக்குப் பஸ் கம்பெனியில் வேலை. புகார்ப் பிரிவு. திங்கள் முதல் வெள்ளி வரை ஊர் ஜனங்களின் கோபத்தைக் கடிதமாகவும் தொலைபேசியிலும் வாங்கிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் பதில் சொல்ல வேண்டும். அந்த வேலையிலிருந்துதான் அவளுடைய பொல்லாத தேவதைகள் பிறந்தார்கள் என்பதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் புரிந்துகொண்டேன். ஒருநாள் ஒரு கடிதத்தைப் பற்றிச் சொல்லிச் சிரித்தாள்.

"ஒருத்தர் எழுதியிருக்காருங்க. 'எங்கள் வீட்டு வாசலில் பஸ் நிற்க வேண்டும்.' அவ்வளவுதான் கடிதம்."

"நின்னா என்ன?"

"எங்க சீமாட்டிகிட்ட இப்படிக் கேட்டிருந்தாருன்னா, நாளைக் காலையில ஒரு பஸ் வந்து அவர் வாசல்ல நிக்கும். அப்புறம் கிளம்பவே கிளம்பாது."

சீமாட்டி என்பவள் கதையில் வரும் காட்டுத் தேவதைகளுக்குத் தலைவி. அவள் பொய் சொல்ல மாட்டாள். அடிக்க மாட்டாள். வந்தவரை உட்கார வைத்து, என்ன வேண்டும் என்று விசாரித்து, கேட்டதைக் கேட்டபடியே கொடுத்து அனுப்புவாள். வாங்கிக்கொண்டு போனவர் மூன்றாம் நாள் அழுதுகொண்டு வருவார். அதைப் பேசும்போது என் மனைவியின் குரல் கொஞ்சம்கூட மாறாது. "உங்க சிரமம் புரியுதுங்க, கட்டாயம் கவனிக்கிறேன்" என்கிற அதே புகார்ப் பிரிவுக் குரல். அந்தக் குரலைக் கேட்டுப் பல் டாக்டர் இரண்டு கால்களையும் நாற்காலிமேல் தூக்கி வைத்துக்கொண்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பார்த்தேன் என்றால், சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே தட்டு நீட்டுவதற்கு ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அது வழியாக. டீ போட ஐந்து நிமிஷம் போதும். நான் இரண்டரை மணி நேரம் போடுவேன். பால் பாத்திரத்தைக் கழுவி, அதையே மறுபடி கழுவி, டப்பாக்களின் மூடிகளை எல்லாம் சரி பார்த்து. எனக்கு வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. கண்ணைவிடக் காதை வைத்துத்தான் எங்கள் பிழைப்பு. அந்தக் காதை ஆறு வருஷமாக அந்த ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தேன்.

ஆசை எப்போது வந்தது என்று கேட்டால், சிவப்புத் தொப்பிக்காரர்கள் வந்த வாரம். அவர்கள் குள்ளமான கொலைகாரர்கள். தொப்பியின் ரத்தச் சாயம் காய்ந்தால் உயிர் போய்விடும் என்பதால் எப்போதும் ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். இதை வேறு யாராவது சொல்லியிருந்தால் கத்தியும் கூச்சலுமாகச் சொல்லியிருப்பார்கள். இவள், ஒரு குள்ளன் தன் தொப்பியைக் கழற்றிப் பாடகனிடம் காட்டி, "இந்த ஓரம் கொஞ்சம் வெளுத்திருக்குல்ல?" என்று வெட்கத்தோடு கேட்டதாகச் சொன்னாள். அன்றைக்குக் கையில் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். என் வீட்டுக்குள், என் கூடவே, இப்படி ஒருத்தி இருந்திருக்கிறாள். நான் பக்கத்து அறையில் டப்பா மூடுகிறேன்!

கேட்டிருக்கலாம்தான். ஆனால் வேண்டாம் என்று வாயை விட்டவன் நான். போதாததற்கு அந்த முதல் வருஷம் கல்யாண வீடு, காது குத்து என்று போன இடமெல்லாம், "எங்க வீட்டுல சனிக்கிழமை பேய் பிடிக்கும்" என்று சொல்லிச் சிரிக்க வைத்திருந்தேன். அவள் அதைக் கேட்டும் கேளாதவள் மாதிரி இருந்தாள். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு கேட்பது? ஜாடை காட்டினேன். மேஜைக்குக் கூடுதலாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டேன். "பரவாயில்லையே, பை வைக்க இடம் இல்லாம இருந்துச்சு" என்று எல்லாரும் பையை வைத்தார்கள்.

போன செவ்வாய்க்கிழமை அவள் தலை வாரிக்கொண்டே சொன்னாள், "சர்வேயர் ஐயா மக வீட்டோட போறாராம். இந்தச் சனிதான் கடைசி."

"அப்போ அவர் இடம்?"

"ஆபீஸ் டைப்பிஸ்ட் ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கா. இன்னும் ஒண்ணும் சொல்லலை. ஞாயித்துக்கிழமை போன் பண்ணி, அடுத்த வாரத்துலேருந்து வரச் சொல்லலாம்னு இருக்கேன்."

கண்ணாடியில் என்னை ஒரு கணம் பார்த்தாள். நான் சட்டைப் பித்தானைப் பார்த்தேன். "நல்ல பொண்ணுதான்" என்றேன். அன்று முழுக்க ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில் உட்கார்ந்துகொண்டு, என்னை நானே திட்டிக்கொண்டேன். நாலு பேர்தான் அந்த மேஜைக்குக் கணக்கு. டைப்பிஸ்ட் உட்கார்ந்துவிட்டால் முடிந்தது.

சனிக்கிழமை வந்தது. கதை ஒரு மாதமாகச் சீமாட்டியின் மாளிகையில் நின்றிருந்தது. ஒரு ஊரின் தூக்கத்தை எல்லாம் அவள் திருடி ஒரு கண்ணாடி ஜாடியில் அடைத்து வைத்திருக்கிறாள். ஊர் ஜனங்கள் மாதக்கணக்கில் கண் மூடவில்லை. அந்த ஜாடியை மீட்கத்தான் மூன்று பேரும் வந்திருக்கிறார்கள். அலமாரிமேல் இருக்கும் அந்த ஜாடி குறட்டை விடும். ஒவ்வொரு வாரமும் பேச்சுக்கு நடுவே என் மனைவி அந்தக் குறட்டையை விட்டுக் காட்டுவாள். ஒரு இழுப்பு, ஒரு விக்கல், கடைசியில் ஒரு சின்ன விசில். அது யாருடைய குறட்டை என்று மச்சானுக்குத் தெரியும். ஜன்னல் பக்கம் பார்த்துக் கண்ணடிப்பான்.

"உட்காருங்க கொல்லரே" என்றாள் சீமாட்டி. "தூரத்துல உங்களுக்கு ஒரு மக இருக்காளாமே? நினைச்ச உடனே ஒரே எட்டுல அவ வாசலுக்குப் போற செருப்பு இது. உங்களுக்குத்தான்."

சர்வேயர் ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பதிலுக்கு?" என்றார் பல் டாக்டர், அவருக்காக.

"பெரிசா ஒண்ணும் இல்லை. இவர் எழுந்து போகும்போது எதை மறந்து விட்டுட்டுப் போறாரோ, அது எனக்கு."

"இதுல என்னமோ இருக்கு" என்றான் மச்சான்.

"இருக்கட்டும் தம்பி. நான் எழுதித்தான் வெச்சிருக்கேனே" என்று சர்வேயர் ஐயா நோட்டைப் பிரித்தார். சுத்தியல், உலைத் துருத்தி, மோதிரம், தண்ணீர்க் குடுவை, பழைய வாள். ஒவ்வொன்றையும் விரல் வைத்துப் பார்த்தார். பல் டாக்டர் இன்னொரு தரம் சரிபார்த்தார். மச்சான், "உங்க நிழல் இருக்கா பாருங்க" என்றான். அதையும் கேட்டு உறுதி செய்துகொண்டார்கள். செருப்பு எந்த நிறம், எந்தக் காலை முதலில் வைப்பது என்று பேச்சு போயிற்று. சீமாட்டி எல்லாவற்றுக்கும் பொறுமையாக, உண்மையாக, பதில் சொன்னாள்.

எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. லிஃப்டில் புதிதாக ஒரு சத்தம் வந்தால் அவ்வளவு பயமில்லை. வழக்கமாக வருகிற சத்தம் வராவிட்டால்தான் உடனே நிறுத்தச் சொல்வோம். நான் அடுப்பை அணைத்தேன். காதைக் கூர்மையாக்கினேன்.

குறட்டை வரவில்லை.

எவ்வளவு நேரமாக? கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளையாட உட்கார்ந்த முதல் அரை மணியில் மூன்று தரம் விட்டாள். செருப்பை எடுத்து வைத்ததற்கு முன் ஒன்று, மெதுவாக, விசில் இல்லாமல். அதன் பிறகு ஒரு மணி நேரமாக இல்லை. ஜாடி என்ற பேச்சையே எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை, எந்த ஊருக்காக ஆறு மாதம் காட்டில் அலைந்தார்களோ அந்த ஊரை, செருப்பைப் பார்த்த சந்தோஷத்தில், அவர்களும் மறந்துவிட்டார்கள். நோட்டில் அது இல்லை. இன்னும் அவர்களுடையதாகவில்லையே, எப்படி இருக்கும்? இவர் எழுந்தால், மறந்த ஜாடி என்றைக்கும் அவளுக்கே. அவர்களுடைய சந்தோஷத்தை வைத்தே அவர்களுடைய கண்ணைக் கட்டியிருந்தாள். சட்டப்படி அவள் சொன்னதில் ஒரு பொய் இல்லை. கை தட்ட வேண்டும் போலிருந்தது.

சர்வேயர் ஐயா நோட்டை மூடினார். இரண்டு கைகளையும் மேஜைமேல் ஊன்றினார். "சரிம்மா. நான் எழுந்..."

"ஐயா, எழுந்திரிக்காதீங்க! ஜாடி! தூக்கத்தை மறந்துட்டீங்க!"

என் குரல்தான். ஜன்னல் வழியாகத் தலை, தோள், கையிலிருந்த கரண்டி எல்லாம் மேஜைப் பக்கம் நீண்டிருந்தன.

மச்சான் நெற்றியில் அடித்துக்கொண்டான். "ஐயோ, ஜாடி!" பல் டாக்டர், "அடிப்பாவி, குறட்டையை நிறுத்திட்டா!" என்றார். சர்வேயர் ஐயா ஊன்றிய கைகளை அப்படியே வைத்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல், உட்கார்ந்திருந்தார்.

"மாமா, நீங்க எதுக்கு நடுவுல?" என்றான் மச்சான். பிறகு அவனே மெதுவாக, "அறைக்குள்ள சொன்னது கதைக்குள்ள சொன்னது. அக்கா, இப்ப என்ன செய்றது?" என்றான்.

என் மனைவி கோபிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஆறு மாத வேலையை ஒரு கூச்சலில் கெடுத்துவிட்டேனே. அவள் கோபிக்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து, கழுத்தை மட்டும் திருப்பி, ஜன்னலைப் பார்த்தாள். பார்த்தது என் மனைவி இல்லை, சீமாட்டி.

"சமையலறையில யாருங்க அது?"

நான் கரண்டியை மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"ஆறு வருஷமா அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சு சத்தம் கேட்குது. டப்பா மூடுற சத்தம் கேட்குது. இன்னைக்குத்தான் பேச்சு கேட்குது. உள்ளே வாங்க."

கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனேன். நாலு பேரும் என்னையே பார்த்தார்கள். பைகள் குவிந்து கிடந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றேன்.

"டீ... டீ வேணுமான்னு கேட்க வந்தேன்" என்றேன்.

"எனக்கு என்ன வேணும்ங்கிறது இப்ப பேச்சு இல்லை. உங்களுக்கு என்ன வேணும்?"

பல் டாக்டர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பார்த்துக் கேளுங்க. அவகிட்ட வாயைக் கொடுத்துட்டு நாங்க பட்டதெல்லாம் போதும்."

எனக்குத் தெரியாதா? ஒரு இடம் வேண்டும் என்றால் காட்டில் ஆறடி நிலம் காட்டுவாள். உட்கார வேண்டும் என்றால் எழுந்திருக்க முடியாமல் செய்வாள். சர்வேயர் ஐயா இடம் என்றால் இந்த வயதில் என்னை மகள் வீட்டுக்கு அனுப்புவாள், எனக்கு மகளே இல்லாமல். ஒவ்வொன்றாக மனசுக்குள் எழுதி எழுதி அடித்தேன். இவ்வளவு நாள் செய்ததும் இதுதானே என்று தோன்றியது. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வாக்கியம், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு அடித்தல்.

அவள் அவசரப்படுத்தவில்லை. புகார் சொல்ல வந்தவர் எவ்வளவு தயங்கினாலும் காத்திருப்பாளாம், ஆபீஸில் அதற்குப் பேர் வாங்கியவள். முகத்தில் சீமாட்டிதான் இருந்தாள். ஆனால் மேஜைமேல் பகடையைப் பிடித்திருந்த விரல்கள் அதை உருட்டாமல் திருப்பிக்கொண்டே இருந்தன.

நான் சீமாட்டியை விட்டுவிட்டு அந்த விரல்களைப் பார்த்துப் பேசினேன்.

"அன்னைக்கு வேணாம்னு சொன்னது தப்பும்மா. ஊரெல்லாம் கேலி பண்ணினதும் தப்பு. எனக்கு உங்களோட உட்கார்ந்து விளையாடணும். ரொம்ப நாளா ஆசை. என்னையும் சேர்த்துக்கோ."