கோடாலிக்குப் பதிலாக

மாமனாரின் விறகுக் கடையில் கோடாலி வீசி வீசி, வீட்டோடு மாப்பிள்ளைக்குக் கை காய்த்துப் போயிருந்தது. அவன் வெல்டிங் தெரிந்தவன். மரம் பிளக்க ஓர் இயந்திரம் செய்து கொடுத்துவிட்டால் பழைய பட்டறைக்கே திரும்பிவிடலாம் என்று மனக்கோட்டை கட்டினான். மாமனாரும், "அது ஓடிட்டா அப்புறம் உங்க இஷ்டம் மாப்ள" என்றிருந்தார்.

இரும்பு உத்தரத்தின் ஒரு முனையில் ஆப்பைப் பற்றவைத்தான். மறுமுனையில் ஹைட்ராலிக் சிலிண்டரைப் பொருத்தி, அதன் குழாய்களை டிராக்டரில் மாட்டினான். லீவரைத் தள்ளியதும், கோடாலிக்கு மசியாத வேர்க்கட்டை முனகிக்கொண்டே இரண்டாகப் பிளந்தது. மாமனார் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

மறுநாள் கடையின் கூலிக் கோடாலிக்காரர்களை வேலையை விட்டு நிறுத்திவிட்டு, லாரி லாரியாக மரம் இறக்கினார். தெரு தெரியாத அளவுக்குக் கட்டைகள் குவிந்தன.

"நான் பட்டறைக்குப் போறதா பேச்சு, மாமா."

"போங்க, யாரு வேணாம்னா? ஆனா மிஷின் மக்கர் பண்ணா யாரு பாக்குறது? செஞ்சவர் நீங்கதானே?"

அவன் உள்ளே போய் மனைவியிடம், "நீயாவது அப்பாகிட்ட சொல்லேன்" என்றான்.

"ஆப்பசைச்ச குரங்காட்டம் மாட்டிக்கிட்டு இப்ப என்னைக் கேட்டா?" என்றாள் அவள். பிறகு குரல் தணிந்தது. "நான் பொறந்ததுல இருந்து அவர்கிட்ட சொல்லிக்கிட்டுத்தான் இருக்கேன்."

வெளியே மாமனார் கூப்பிட்டார். அவன் போய் டிராக்டரைக் கிளப்பினான்.