நாளைய பிரதமர் கலமாத்தாஸ்

கிரீஸ் நாட்டுக் கப்பல் துறை அமைச்சர் ஸ்பிரோஸ் கலமாத்தாஸின் அரசியல் வாழ்க்கை என்னளவுக்குத் தெரிந்த ஆள் ராமநாதபுரம் மாவட்டத்திலேயே கிடையாது. துறைமுகத் தொழிலாளர்களுக்காக வாதாடிய வக்கீல் அவர். இரண்டு தேர்தலில் மண்ணைக் கவ்வி, மூன்றாவதில் ஜெயித்தார். முதலில் மீன்வளத்துக்குத் துணை அமைச்சர், பிறகு கப்பல் துறை. எல்லாம் செல்போனில் தேடித் தேடிப் படித்ததுதான்.

எனக்கு ஏன் இந்த வேலை என்றால், என் கணவர் சல்மான் அங்கே மாட்டிக்கொண்டிருந்தார். அவர் இன்ஜினியராக இருந்த சரக்குக் கப்பலை முதலாளி கிரீஸ் துறைமுகத்தில் அம்போவென்று விட்டுவிட்டு ஓடிவிட்டான். கப்பலைப் பிடித்துவைத்த கோர்ட், அதை ஆளில்லாமல் விடக்கூடாது என்று இவரையும் பிடித்துவைத்தது. ஒரு வருடமாக இரும்புக்குள் தனியாகக் கிடந்தார். மாற்று ஆள் போடச் சொல்லி அமைச்சர் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், இறங்கிவிடலாம். மெயில் மேல் மெயில் அனுப்பினேன். கிணற்றில் போட்ட கல்தான்.

அமைச்சர் கண்டுகொள்ளவில்லை என்றால் எங்கள் ஊரில் என்ன செய்வோம்? பிளெக்ஸ் வைப்போம். அவருடைய பிறந்தநாள் வேறு நெருங்கியது. ராமநாதபுரத்தில் பிளெக்ஸ் அடிக்கும் மருதுபாண்டியிடம் போனேன்.

“வெறும் வாழ்த்துன்னு போட்டா எடுபடாதுக்கா. அமைச்சர்னா ‘நாளைய முதல்வரே’ன்னு போட்டாத்தான் மதிப்பு.”

“அங்கன முதல்வர் கிடையாது தம்பி. பிரதமர்தான்.”

“அப்ப ‘நாளைய பிரதமரே’ன்னு போட்டுருவோம்.”

கலமாத்தாஸுக்கு வெள்ளை வேட்டி சட்டையும் மாட்டிவிட்டான். ‘என் கணவரை வீட்டுக்கு அனுப்புங்கள்’ என்று கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் போட்டோம். கீழக்கரை பஸ் ஸ்டாண்டு பக்கம் வைத்து, போட்டோ எடுத்து அமைச்சருடைய பேஸ்புக் பக்கத்திலேயே போட்டேன்.

நம் ஊரில் கவுன்சிலரையே நாளைய முதல்வர் என்போம், யாரும் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார்கள். அங்கே தீப்பிடித்துக்கொண்டது. பிரதமர் நாற்காலியில் இருக்கும்போதே கலமாத்தாஸ் அந்த நாற்காலிக்கு வெளிநாட்டில் ஆள் வைத்து அடி போடுகிறார் என்று டி.வி.யில் கிழித்தார்கள்.

இரண்டாம் நாள் சல்மானிடமிருந்து வீடியோ கால் வந்தது. பக்கத்தில் கலமாத்தாஸ். மனுஷன் கப்பலுக்கே ஏறி வந்துவிட்டார். தாடி மண்டிப்போன சல்மானைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

“நஸீஹா, அந்தப் பிளெக்ஸைக் கழட்டச் சொல்றாரு. இவரோட பிரதமர் கடுங்கோவத்துல இருக்காராம்” என்றார் சல்மான்.

பேச்சு வந்துவிட்டது. “நீங்க பிளைட் ஏறுங்க மச்சான், மறுநிமிஷம் கழட்டிருதேன்.”

“அமைச்சர்ட்ட இப்பிடியா பேசுறது?”

“சொன்னதை அப்பிடியே சொல்லுங்க.”

சொன்னார். கலமாத்தாஸ் என்னை உற்றுப் பார்த்தார். பிறகு கப்பல் அதிரச் சிரித்தார். அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

சல்மான் விமானம் ஏறியதும் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். வீட்டுக்கு வந்த மனுஷனுக்கு ஊரே விருந்து வைத்தது. அந்தக் கூத்து அடங்குமுன் கிரீஸில் மந்திரிசபையை மாற்றினார்கள். புதிய பட்டியலில் கலமாத்தாஸ் இல்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. என் கணவரை மீட்கத்தான் நினைத்தேன். கலமாத்தாஸைக் கவிழ்க்கவா நினைத்தேன்?

“கப்பல்ல வச்சு நம்பர் குடுத்தாருல்ல, அவருக்குப் போன் போடுங்க மச்சான்” என்றேன்.

“பதவி போன ஆள்ட்ட என்னத்தப் பேச?”

“போடுங்க.”

முதல் மணியிலேயே எடுத்தார். சல்மான் ஸ்பீக்கரில் போட்டார்.

“பதவியில இருந்தப்ப காரியத்துக்காகக் கூப்பிட்டேன். இப்ப விருந்துக்குக் கூப்பிடுதேன். குடும்பத்தோட வாங்க” என்றேன். சல்மான் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

“லைன் கட்டாயிருச்சா?”

சல்மான் ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“இல்ல நஸீஹா. அழுறாரு. பதவி போனதுலருந்து ஒரு போன்கூட வரலையாம்.”