வியாழக்கிழமை மண்

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தேழில், சிட்னி செவன் ஹில்ஸில், இந்திரகுமாரின் வீட்டின்மேல் மட்டும் வியாழக்கிழமைகளில் மண் பெய்தது. பக்கத்து வீட்டுக்காரனின் காரில் ஒரு துகள்கூட விழவில்லை. அன்றைக்குத்தான் தொலைக்காட்சித் தொடரில் இந்திரகுமார் வருவான், நோயாளிகளின் மருந்தை மாற்றிக் கொடுக்கும் டாக்டராக. நாடு முழுக்கப் பெண்கள் அவனைத் திட்டித் தீர்த்தார்கள். மண் அள்ளித் தூற்றிச் சாபம் போடும் வழக்கம் வெள்ளைக்காரிகளுக்குக் கிடையாது, பாவம். ஆனாலும் அவர்களுடைய வயிற்றெரிச்சல் இந்த யாழ்ப்பாணத்தானுக்குப் பழகிய வழியிலேயே வந்து சேர்ந்தது. பாலைநில மண், கடற்கரை மணல், மெல்பேர்ண் பக்கத்துக் களிமண் எல்லாம் கலந்து வரும்.

நடிப்பை எடைபோட இதைவிட நல்ல வழி இல்லை. வியாழன்தோறும் இவர்கள் வீட்டுக்குத் தொடர் பார்க்க வரும் சச்சிதானந்தன் அங்கிள் ஊரில் இரண்டு நாடகம் போட்டவர். அந்தத் தைரியத்தில் தன்னைப் பெரிய விமர்சகர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கண் நல்லம், சிரிப்புக் காணாது, இன்னும் வேணும் என்று வாராவாரம் தீர்ப்புச் சொல்லுவார். பிறகு எல்லோரும் வெளியே போய்ப் பார்ப்பார்கள். மண் கணுக்கால்வரை கிடந்தால் அங்கிள் பேசாமல் தீர்ப்பைத் திருத்திக்கொள்வார். இந்திரகுமாரின் மனைவி யோகாதான் அந்த மண்ணைக் கண்டு கும்பிட்டவள். மகள் கலாவை மானிப்பாயில் யோகாவின் தங்கையிடம் விட்டு வந்திருந்தார்கள். ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்று இந்திரகுமார் சொல்லி நாலு வருஷம் ஓடிவிட்டது. தொடரில் அவன் நிலைத்தால்தான் பிள்ளைக்கு விசா. அந்த ஆகஸ்டில் ஊரிலிருந்து வந்த கலவரச் செய்திகள் வேறு அவளைத் தூங்கவிடவில்லை.

கெடுத்தது அங்கிளின் மனைவி பவளம் அன்ரி. தங்கமான மனுஷி, இந்த மாதிரித் தங்கங்களால்தான் பாதிக் குடும்பங்கள் கெடுகின்றன. ஊர்க்கண் எல்லாம் பொடியன்மேல் விழுகிறதே என்று தாங்காமல், செத்தல் மிளகாயையும் உப்பையும் அவன் தலையைச் சுற்றி நெருப்பில் போட்டு நாவூறு கழித்துவிட்டார். அவ்வளவு மிளகாய் எரிந்தும் ஒருவருக்கும் இருமல் வரவில்லை. அத்தனை கண்ணூறு இருந்ததாம். அந்த வியாழன் ஒரு பிடி மண் விழவில்லை. அடுத்த வியாழனும் இல்லை. இந்திரகுமார் கழுத்து நரம்பு புடைக்க நடித்தான். டாக்டருக்கு வீட்டில் என்ன கஷ்டமோ என்று பெண்கள் பரிந்து எழுதினார்கள். இரக்கப்படவைக்கிற வில்லனை யார் வைத்திருப்பார்கள்? டாக்டரை விரைவில் விபத்தில் கொன்றுவிடப்போவதாகத் தயாரிப்பாளர் மரியாதையாகச் சொல்லிவிட்டார்.

இந்திரகுமார் குசினித் தரையில் இருந்து அழுதான். யோகா அழவில்லை.

"ஒரு ஆள் மனசார வெறுத்தாக் காணுமோ?" என்று கேட்டாள்.



அந்த வியாழன் தொலைக்காட்சிக்கு முன்னால் கதிரையைப் போட்டுத் தனியாக உட்கார்ந்தாள். திரையில் டாக்டர் ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, கொஞ்ச நாள்தான், பொறுத்துக்கொள் என்றான். ஊரைவிட்டு வந்த அன்று கோண்டாவில் ஸ்டேஷனில் அவளுக்குச் சொன்ன அதே குரல். அவள் சேலையைப் பிடித்திருந்த பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டவனும் இவன்தான். எழுந்து முற்றத்துக்குப் போய் ஒரு பிடி மண் அள்ளினாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவனை நீங்கள் என்றே அழைத்தவள், "நீ மண்ணாப் போ" என்று தூற்றினாள்.

கோண்டாவில் செம்மண் கொட்டியது. கூரைத் தண்ணீர் ஓடும் பீலி வளைந்தது. பவளம் அன்ரி கழித்ததெல்லாம் அதோடு அறுந்துபோக, நாடே அவனை மறுபடி வெறுத்தது; தொலைக்காட்சி நிலையத்துத் தொலைபேசி ஓயவில்லை. ஒப்பந்தம் நீண்டது. தை மாதத்தில் கலா வந்து இறங்கினாள்.

யோகா தன் வெறுப்பைத் திருப்பி எடுக்க எவ்வளவோ முயன்றாள். சாமிப் படத்தின்முன் மன்றாடினாள், அவனுக்குப் பிடித்ததையே சமைத்துப் போட்டாள். அவன் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை. அடுத்த வருஷம் தொடர் முடிந்தது, ஊரார் டாக்டரை மறந்தார்கள். செம்மண் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. இது எப்போது நிற்கும் என்று கலா ஒருநாள் கேட்டாள்.

"நானும் நிப்பாட்டப் பாக்கிறன் பிள்ளை," என்றாள் யோகா. "ஏலாமக் கிடக்கு."

அதற்குப் பிறகு கலா வியாழக்கிழமைகளில் பள்ளிக்கூடத்தால் வந்ததும் கொடியில் காயும் உடுப்புகளை உள்ளே எடுத்து வைப்பாள். அப்பாவின் சட்டைகளை முதலில் எடுப்பாள்.