நான்காவது டெஸ்க்டாப்

...அம்மாவின் அறைக் கேமரா விண்டோவை மூன்றாவதில் போட்டால் மேற்பார்வையாளரின் சாட் விண்டோவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும், ஆனால் சாட்டைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஓரத்தில் எட்டிப் பார்க்கும், அதனால் நான்குதான் சரி, நான்காவது டெஸ்க்டாப்பில் வேறு எதுவும் வேண்டாம், அம்மா மட்டும் இருக்கட்டும் என்று அவள் மவுஸை இழுத்தாள். ஒரே கணினித் திரை, மாற்றி மாற்றிப் போட நான்கு டெஸ்க்டாப்: ஒன்றாவதில் பரீட்சை எழுதும் பன்னிரண்டு முகங்கள், இரண்டாவதில் விதிமுறைகளும் புகார்ப் படிவமும், மூன்றாவதில் மேற்பார்வையாளர், நான்காவதில் அடுத்த அறையில் படுத்திருக்கும் அம்மா. வீட்டையும் இப்படிப் பிரித்து வைக்க முடிந்தால்... இரண்டு பொத்தான்களைச் சேர்த்து ஒரு தட்டு, ஆள் கண்ணுக்கு மறைந்துவிடுவார், சாகவும் மாட்டார், சத்தம் போடவும் மாட்டார். வேலையும் அப்படித்தானே, எங்கெங்கோ தங்கள் அறைகளில் உட்கார்ந்து எழுதுகிறவர்களை கேமரா வழியாக வீட்டிலிருந்தே கண்காணிப்பது, யாருடைய கண் திரையை விட்டு விலகுகிறது என்று பார்ப்பது, மூன்று தடவை விலகினால் புகார் எழுதுவது. பார்ப்பதற்குச் சம்பளம். பதினோரு மணிக்குத் தொடங்கிய பரீட்சை, இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது, அதற்குள் எழுந்து போகக்கூடாது என்பது விதி. விதி எவ்வளவு வசதியான பொருள் என்று அவளுக்கு இந்த வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

அம்மாவின் அறையில் கேமரா மாட்டியது அக்கா. வேறு ஊரிலிருந்து வந்து, நாற்காலி மேல் ஏறி நின்று மாட்டிவிட்டு, "ரெண்டு பேருமே பாத்துக்கலாம்டி, உனக்கும் ஒத்தாசையா இருக்கும்" என்றாள், மறுநாளே கிளம்பிவிட்டாள். ஒத்தாசையாம்... அம்மாவைப் பார்க்கவா மாட்டினாள், என்னைப் பார்க்க மாட்டினாள். பக்கவாதம் வந்து ஏழு மாதம் ஆகிறது, வலது கையும் காலும் போயின, பேச்சும் போனது, ஒரே ஒரு சொல் மட்டும் நாக்கில் ஒட்டிக்கொண்டு மிச்சம் இருக்கிறது. அப்புறம். பசித்தாலும் அப்புறம், வலித்தாலும் அப்புறம், படுக்கையை நனைத்துவிட்டால் சின்னக் குரலில் அப்புறம். டாக்டர், "அவங்க வேணும்னு சொல்லலம்மா, அந்த வார்த்தை தானா வருது" என்றார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். ஊரில் எத்தனை சொற்கள் இருக்கின்றன, போயும் போயும் இதுவா மிஞ்ச வேண்டும்? அக்காவின் பிரசவத்துக்குத் துணைக்கு ஆள் வேண்டுமென்று இவளுடைய இறுதிப் பரீட்சையை நிறுத்தியபோது அம்மா சொன்ன சொல் அல்லவா அது? "பரீட்சை எங்கடி ஓடிப் போகுது, அப்புறம் எழுதிக்கலாம்." அந்த அப்புறம் இருபத்திரண்டு வருஷமாக வரவில்லை. இப்போது அடுத்தவர்கள் எழுதுவதைக் காவல் காக்கிறாள். அதனால்தான் சில நாள் அம்மா கூப்பிடும்போது, அவளே அப்புறம் என்கிறாளே, அப்புறமே போனால் போயிற்று என்று உட்கார்ந்திருப்பாள்... பெற்ற தாயின் சொல்லைத் தட்டாத மகள்.

பன்னிரண்டு பேரில் ஏழாம் எண் மறுபடியும் இடப்பக்கம் பார்த்தாள். முப்பது வயது இருக்கும், கொண்டையிலிருந்து பேனா ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை. என்ன இருக்கிறது அங்கே, புத்தகமா, இல்லை, புத்தகத்தைப் பார்க்கிற கண் வரியில் ஓடும், இது ஓரிடத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்புகிறது. எச்சரிக்கை அனுப்பினாள். உடனே பதில் வந்தது. "மேடம், குழந்தைக்குக் காய்ச்சல், பக்கத்துல தூங்குது. பாத்துக்க வேற ஆள் இல்ல. கேமராவத் திருப்பிக் காட்டட்டுமா?" திருப்பிக் காட்டச் சொல்ல விதியில் இடம் உண்டு. சொல்லவில்லை. பதிலே எழுதாமல் காத்திருந்தாள், பொறி வைத்தவனுக்குத் தெரியும் எலி வருமென்று. நான்கு நிமிடம் அந்தப் பெண் கழுத்தை இறுக்கிக்கொண்டு திரையையே வெறித்தாள், எங்கோ ஒரு இருமல் கேட்டது... பார்த்துவிட்டாள். மூன்று. இரண்டாவது டெஸ்க்டாப்புக்குத் தாவிப் படிவத்தை நிரப்பினாள், 'தொடர்ந்து பார்வை விலகல்'. மூன்றாவதில் மேற்பார்வையாளர் கேட்டார்: "நிச்சயமாவா? அவங்களுக்கு இது கடைசி வாய்ப்புன்னு போட்டிருக்கு." நிச்சயம் சார் என்று தட்டினாள். ஒன்றாவதில் ஏழாம் எண்ணின் கட்டம் கறுத்தது. கறுப்பதற்கு முன் அவள் வாய் திறந்திருந்தது, என்ன சொன்னாளோ. நெஞ்சில் ஒரு குளிர்ச்சி, வெயிலில் அலைந்துவிட்டு முகம் கழுவின மாதிரி. இதற்கு வெட்கப்பட வேண்டும் அல்லவா? படலாம், பரீட்சை முடியட்டும்.

போகிற போக்கில் நான்காவதையும் ஒரு பார்வை பார்த்தாள். அம்மாவின் இடது கை வயிற்றைத் தாண்டி வலப்பக்கம் நீண்டிருந்தது, ஸ்டூலில் இருந்த டம்ளருக்கு. எட்டவில்லை. செத்த கையின் பக்கம் டம்ளரை வைத்தது யார்? காலையில் நான்தான் வைத்தேன், அவசரத்தில்... அவசரமா? வைக்கும்போது ஒரு கணம் கை நின்றதே, அது எதற்கு நின்றது? விண்டோவைச் சுருக்கிவிடலாம் என்று ரைட் கிளிக் செய்தவள் தவறி அதன் கீழிருந்த 'எல்லா டெஸ்க்டாப்பிலும் காட்டு' என்பதை அமுக்கிவிட்டாள். ஒன்றுக்கு வந்தாள், பதினொரு முகங்களுக்கு மேல் அம்மா. இரண்டுக்குப் போனாள், படிவத்தின் மேல் அம்மா. மூன்றில் மேற்பார்வையாளரின் வாக்கியத்தை மறைத்துக்கொண்டு அம்மா, அதே கை, அதே நீட்டல், விரல்கள் காற்றைப் பிராண்டுகின்றன. அப்போதுதான் விண்டோவின் மூலையில் அந்தச் சின்ன எழுத்து கண்ணில் பட்டது. 'இரண்டு பேர் பார்க்கிறார்கள்.'

அக்கா. எத்தனை நேரமாக? கை நீண்டு கால் மணி நேரமாவது இருக்கும், போன் அடித்திருக்கலாமே, தண்ணி குடுடி என்று ஒரு வார்த்தை... அடிக்க மாட்டாள். இவள் எப்போது எழுந்து வருகிறாள் என்று நிமிஷம் எண்ணிக்கொண்டிருக்கிறாள், நாளைக்குச் சொந்தக்காரர்களிடம் சொல்வதற்கு. அம்மாவின் தாகத்தை விட அக்காவுக்கு அந்தக் கணக்கு பெரிசு. நான் மட்டும் என்ன, அவள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான்... நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள், விதியாவது ஒன்றாவது. அறைக்குள் போனதும் நடை தானாகவே மெதுவானது, முகம் கேமராவின் பக்கம் திரும்பிக்கொண்டது, "என்னம்மா, தாகமா? கூப்பிடக் கூடாதா?" என்று தேன் ஒழுகக் கேட்டாள், தலையைத் தாங்கிப் பிடித்தாள். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள், தாடையில் வழிந்ததைத் தன் துப்பட்டாவாலேயே துடைத்தாள், நெற்றி முடியை ஒதுக்கினாள். அம்மா குடித்தாள். குடித்துவிட்டு, கேமராவைப் பார்க்கும் மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தச் சொல்லைக்கூடச் சொல்லவில்லை.

டம்ளரை வைக்கச் சமையலறைக்குப் போனபோது பிரிட்ஜ் மேல் சார்ஜில் கிடந்த தன் போனைப் பார்த்தாள். திரையில் அம்மாவின் அறை. குளிக்கப் போகும் முன் திறந்து வைத்தது, சார்ஜில் இருக்கும்வரை திரை அணையாது, மூட மறந்திருக்கிறாள். மூலையில் அதே எழுத்து, இரண்டு பேர். கணினி ஒன்று, போன் ஒன்று... அப்படியானால் அக்கா? ஒருவேளை தன்னுடைய இரண்டையும் ஒரே ஆளாக எண்ணி, இன்னொன்று அக்காவோ? போனில் மூடிவிட்டுக் கணினியில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும், ஒன்று என்று குறைந்தால் யாரும் பார்க்கவில்லை, அந்த வீட்டில் அவளையும் அம்மாவையும் யாருமே பார்த்துக்கொண்டிருக்கவில்லை. சார்ஜரைப் பிடுங்கி, போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்திருந்தால் எழுந்திருப்பேனா? மேற்பார்வையாளரிடமிருந்து ஏதோ வந்திருந்தது, படிக்கவில்லை. போனின் திரை மெல்ல மங்கத் தொடங்கியது. அந்த 'இரண்டு பேர்' அணைந்துவிடாமல் இருக்க விரலால் ஒருமுறை தொட்டாள்.