போர்த்தோவில் ஒரு ரிவர்ஸ்

தெயோலிந்தாவுக்கு ஐம்பத்து மூன்று வயது. நாட்டின் தெற்குக் கோடியில் உள்ள பேஜா நகரத்தில் இருபத்தாறு வருஷமாக பஸ் ஓட்டுகிறாள். ஊர் சுற்றிப் பார்க்கவென்று தனியாகக் கிளம்பியது இதுதான் முதல் தடவை. தங்கை சுல்மிராவுக்கு அது துளியும் பிடிக்கவில்லை. காலையில் விடுதிப் படி இறங்கும்போதே போன் வந்துவிட்டது.

"ஒத்தை ஆளா ஹோட்டல்ல உக்காந்தா எல்லாரும் உன்னையே பாப்பாங்கக்கா."

"பாத்துட்டுப் போகட்டும். நான் என்ன தட்டையா நக்கப் போறேன்?"

அன்றைக்கு போர்த்தோ நகரத்தில் யோவான் திருநாள். அன்று மட்டும் யாரும் யார் தலையிலும் பொம்மைச் சுத்தியலால் தட்டி வாழ்த்தலாம். தெருவில் கால் வைத்ததும் முதல் அடி விழுந்தது. பிளாஸ்டிக் சுத்தியலால் உச்சந்தலையில் ஒரு போடு, 'பீ' என்று ஒரு சத்தம். அடித்தவர் கோட்டும் டையும் அணிந்த பெரியவர். "திருநாள் வாழ்த்துக்கள், அம்மணி!" என்று தொப்பியைத் தூக்கிக் காட்டிவிட்டு நடந்தார். அடுத்த முனையில் தெயோலிந்தாவும் ஒரு சுத்தியல் வாங்கினாள். கிளேரிகுஷ் கோபுரத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினோரு பேரை அடித்திருந்தாள், அதில் ஒருவர் போலீஸ்காரர்.

மூச்சு வாங்க மேலே ஏறி நின்றால் ஊர் முழுக்கச் செம்மண் நிற ஓடுகள், அதற்கு அந்தப் பக்கம் தோரு ஆறு. ஆற்றங்கரைக்கு நடந்தே போய்விடலாம் என்று இறங்கினாள்.

கரைக்குப் போகிற செங்குத்தான சந்தில் ஒரே கூச்சல். வளைவில் ஒரு வேன் சிக்கிக்கொண்டு நின்றது. முன்பக்கம் ஒரு வீட்டுப் படியில் முட்டியிருந்தது. பின்கதவு திறக்க வழியில்லாமல் சுவரோடு ஒட்டியிருந்தது. உள்ளே பெட்டி பெட்டியாக மத்தி மீன். கீழே ஆற்றங்கரையில் அதைச் சுடுவதற்குக் கரி அடுப்பு தயாராக எரிந்துகொண்டிருந்தது. அடுப்புக்காரி அல்பெர்த்தினா கையில் இடுக்கியோடு ஏறி வந்து நின்றாள்.

"அடுப்பு தகதகன்னு எரியுது, மீனு வண்டிக்குள்ள உக்காந்து வேடிக்கை பாக்குது! ஏன்யா அதேரித்து, உனக்குக் கண்ணு இருக்கா?"

"போன வருஷம் இந்தச் சந்து இவ்வளவு சின்னதா இல்லையே" என்றார் டிரைவர் அதேரித்து, வியர்வையைத் துடைத்தபடி.

"சந்து அப்படியேதான் இருக்கு. உன்னை மாதிரியே உன் வண்டியும் பெருத்துப் போச்சு."

தெயோலிந்தா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். அந்த மனிதர் ஒவ்வொரு தடவையும் ஸ்டியரிங்கைத் தப்பான பக்கமே ஒடிப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"இறங்குங்கண்ணே, நான் எடுத்துத் தரேன். பேஜாவுல பஸ் ஓட்டுறவ நான்."

"தெற்கத்தி ஆளா!" என்று ஜன்னலிலிருந்து ஒரு குரல். "அவங்க வண்டிய நகத்துறதுக்குள்ள அடுத்த வருஷத் திருநாள் வந்துருமே!" சந்தே சிரித்தது.

"மெதுவாப் போறதாலதான் எங்க ஊர்ல யாரும் சுவத்துல சொருகிக்கிட்டு நிக்கறதில்ல" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறி, இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். படியிலிருந்த பூந்தொட்டிகளை எடுக்கச் சொன்னாள். எல்லாரையும் வாயை மூடச் சொன்னாள். அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு சாண் முன்னால், அரைச் சாண் பின்னால் என்று ஒன்பது தடவை. சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு விரல் நுழைகிற இடைவெளி வந்தது. பிறகு வண்டி வளைவிலிருந்து விடுபட்டு, கீறலே இல்லாமல், மேட்டுத்தெரு வரைக்கும் ரிவர்ஸிலேயே ஏறியது.

அவள் கீழே இறங்கியதும் சந்து மொத்தமும் சுத்தியலோடு அவள் தலையில் பாய்ந்தது. இப்படி ஒரு மரியாதை பேஜாவில் அவளுக்குக் கிடைத்ததே இல்லை. மீன் பெட்டிகள் கைமாறிக் கைமாறிக் கரைக்கு இறங்கின, பின்னாலேயே அவளையும் அழைத்துப் போனார்கள்.

சோள ரொட்டிமேல் சுட்ட மத்தியும் குடைமிளகாயும் வைத்துக் கொடுத்த அல்பெர்த்தினா கேட்டாள். "ஊர்ல என்னவெல்லாம் பாத்தம்மா?"

"ஒரு கோபுரம். ஒரு வேன். இனி ஆத்துல ஊரைச் சுத்திக் காட்டுதே, அந்தப் படகுல போகணும். நீங்களும் வாங்களேன்."

"நானா? பொறந்ததுலேருந்து இதே கரையிலதான் இருக்கேன், ஒரு நாளும் ஏறுனதில்ல. அதெல்லாம் வெளியூர்க்காரங்களுக்கு."

"இன்னைக்கு நீங்களும் வெளியூர்க்காரிதான். எழுந்திரிங்க."

"மீனை யாரு சுடறது?"

"அண்ணன் சுடட்டும். அதுக்கு ரிவர்ஸ் எடுக்கத் தேவையில்ல."

அதேரித்து இடுக்கியை வாங்கிக்கொண்டார்.

படகு நடு ஆற்றுக்கு வந்தபோது அல்பெர்த்தினா தன் ஊரை முதன்முறையாக எதிர்ப்பக்கமிருந்து பார்த்தாள். மஞ்சளும் சிவப்புமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்ற வீடுகளில் தன் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்தவள், நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ தெய்வமே! மூணாவது மாடியில தொங்குதே, அது எங்க வீட்டு மனுஷனோட ஜட்டி! முப்பது வருஷமா அங்கதான் காயப் போடறேன். ஆத்துல போறவங்க அத்தனை பேரும் பாத்திருக்காங்களே!"

தெயோலிந்தா சிரித்த சிரிப்பில் கண்ணில் நீர் வந்துவிட்டது. அல்பெர்த்தினா எழுந்து நின்று, "எடு! உள்ள எடு!" என்று இரண்டு கைகளையும் வீசிக் கத்தினாள். மூன்றாவது மாடி ஜன்னலில் கணவரின் தலை தெரிந்தது. பெண்டாட்டி படகிலிருந்து தனக்குக் கையசைக்கிறாள் என்று நினைத்துவிட்டார் போலும். கொடியில் தொங்கிய அதே ஜட்டியை உருவி, சந்தோஷமாகப் பதிலுக்கு ஆட்டினார்.